முந்நூறு சொற்களில் ஒரு மலை

நகரமைப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாநாட்டு அழைப்பு என்பது மார்கழிப் பனி மாதிரி, வருகிற காலத்துக்கு வந்துவிடும். 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பு வல்லுநர் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு தேசிய மாநாடு நடத்துகிறது. 1965-இல் பிறந்த ஐசோகார்ப் என்ற பன்னாட்டுச் சங்கம் ஆண்டுக்கொரு நாட்டில் உலக மாநாடு கூட்டுகிறது. பல்கலைக்கழகத் துறைகள் நடத்துபவை தனிக்கணக்கு. அழைப்பு எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: தலைப்பு, கருப்பொருள் பட்டியலில் ஒரு டிக், ஆய்வுப் பரப்பு, ஆய்வு முறை, கண்டது என்ன, அது மற்ற ஊர்களுக்கு எப்படி உதவும். எல்லாம் சேர்ந்து முந்நூறு சொல்லைத் தாண்டக்கூடாது. அந்த முந்நூறு சொல்லை எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றில் வந்த ஊர்களைவிட வராத ஊர்கள்தான் இப்போது நினைவில் தங்கியிருக்கின்றன. சென்னை வரும், கோவை வரும், மதுரை கோயிலைச் சுமந்துகொண்டு வரும். மலை என்றால் ஊட்டியும் கொடைக்கானலும், அதுவும் சீசன் நெரிசலாகவோ அனுமதியில்லாக் கட்டடமாகவோ வரும். கொல்லிமலை எப்போதாவது தலைகாட்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறி, ஆகாய கங்கை அருவியோடு இறங்கிவிடும். குண்டூர் நாடு என்று ஒரு பெயர் எந்தச் சுருக்கத்திலும் என் கண்ணில் பட்டதாக ஞாபகம் இல்லை. அந்தப் பெயரில் ஒரு முன்மொழிவு போக வேண்டும், அது சுற்றுலாவின் கீழ் போகாமல் நிலப்பயன்பாட்டின் கீழ் போக வேண்டும், அதன் நடுவே சாமை குத்தும் ஒரு சிறிய மில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளில் குண்டூர் நாடும் ஒன்று. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று மலை முழுக்க நாடுகள்தாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வழக்கில் சொல்லிக்கொள்ளும் மலையாளி பழங்குடியினர்தான் இங்கே பெரும்பான்மை. கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை என்பதைச் சமவெளியில் இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கிடக்கும் சிற்றூர்கள், பள்ளத்தில் நெல் வயல், சரிவில் மேட்டுக்காடு, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. இதை நகரமைப்பு மாநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர் கையில் கணக்கெடுப்பின் வரையறை இருக்கும். மக்கள்தொகை 5000, ஆண் தொழிலாளரில் 75 சதவீதம் பேர் வேளாண்மை அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், இந்த மூன்றும் இருந்தால்தான் ஓர் ஊராட்சி நகரக் கணக்கில் சேரும். அடர்த்தி, தொழில் இரண்டிலும் இந்த மலை தேறாது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வேலை கொடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் நகர் ஊரமைப்புச் சட்டம். இயக்ககத்தின் பலகையிலும் ஊர் இருக்கிறது. பெயரில் ஊரைச் சேர்த்துக்கொண்டு வேலையில் விட்டுவிட்டோம். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென அரசு ஒரு குழுமம் அமைத்தது நல்ல காரியம்தான். ஆனாலும் அதன் வழியாகத் தமிழக மலைகள் எங்கள் மேசைக்கு வந்ததெல்லாம் கட்டட அனுமதிக் கோப்புகளாகத்தான். வீடு கட்டலாமா கூடாதா என்ற கேள்விக்கு வெளியே ஒரு மலைக்குத் திட்டமிடல் தேவைப்படும் என்று எங்கள் மேசை யோசிப்பதில்லை.

இத்தனைக்கும் இந்தத் தொழில் சென்னைக்கு வந்தபோது மலையோடுதான் வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914-இல் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் மெட்ராசுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் மெட்ராஸ் மீது குண்டு போட்டு, இன்றுவரை நம் பேச்சில் சாமர்த்தியசாலிக்குப் பட்டமாக நிற்கிற அதே எம்டன். நண்பர்களின் உதவியோடு வேறு வரைபடங்களைத் திரட்டி 1915-இல் கண்காட்சியை இங்கே நடத்தினார். கெடிஸின் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற வரைவு. மேலே மலை, அங்கே சுரங்கக்காரரும் மரம் வெட்டுபவரும் வேடரும். கீழே வரவர மேய்ப்பர், உழவர், தோட்டக்காரர். கடைசியில் கடலும் மீனவரும். நகரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மலை முகட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வா என்பதுதான் அந்தப் படத்தின் பாடம். அவருக்குப் பிறகு 1920-இல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. படத்தின் மேல்பாதியைச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே குண்டூர் நாட்டைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதுபவர் மாநாட்டிடம் சலுகை கேட்கவில்லை, தொழிலின் பழைய பாடத்திட்டத்தில் விடுபட்ட அத்தியாயத்தைக் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, என்ன எழுதுவது? இங்கேதான் மரவள்ளி வருகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் கொல்லிமலையின் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டுக்காடுகள் பெருமளவு மரவள்ளிக்குப் போய்விட்டன. கிழங்கு கீழே இறங்கி ஆத்தூர், ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்தத் தொழிலுக்கென 1981-இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு ஊரறிந்தது. நிலப்பயன்பாடு படித்தவர் எவருக்கும் இது முதல் பார்வையில் ஒரு புதிர். ஜெர்மானியப் பண்ணையாரான வான் தூனன் 1826-இல் எழுதிய கணக்கு இன்றும் வகுப்பில் சொல்லித்தரப்படுகிறது: கனமானதும் சீக்கிரம் கெடுவதும் சந்தைக்குப் பக்கத்தில் விளையும், எடைக்கு விலை அதிகமுள்ளதும் நாள்பட இருப்பதும் தூரத்தில் விளையும். அந்தக் கணக்குப்படி மலைமேல் மிளகும் காபியும் இருப்பது நியாயம். சாமையும் இருக்கலாம், குதிரில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும் தானியம் அது. மரவள்ளியோ கனம், மலிவு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். அதை லாரியில் ஏற்றி 70 வளைவு இறக்குவது எந்தப் பாடப்புத்தகக் கணக்கிலும் கடைசியாக நடக்க வேண்டிய காரியம். நடக்கிறது என்றால் போக்குவரத்துச் செலவைவிடப் பெரிய வேறொரு செலவு சாமையின் தலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் செலவு பெண்களின் தோளில் இருந்தது. சாமையின் உமி லேசில் விடாது. காயவைத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறாக்கும் பதத்துக்கு அரிசி கிடைக்கும். இன்று இரவுச் சோற்றுக்கு மதியமே உலக்கை எடுக்க வேண்டும். நெல்லுக்கு மில் எங்கும் வந்துவிட்டது. சாமைக்கு அந்த மில் பொருந்தாது, மணி சிறியது, இயந்திரமே வேறு. மரவள்ளிக்கு வீட்டில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. முதிர்ந்த பிறகும் சில மாதம் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம், பணத் தேவை வரும்போது பிடுங்கலாம், வியாபாரி வந்து எடுத்துக்கொள்வார். மண்ணே குதிர். ஆக, இரண்டு பயிர்களின் போட்டியில் தீர்ப்புச் சொன்னது சாலை மட்டும் என்று எழுதினால் பாதிக்கதைதான். உரலும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொன்னது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலசாமை என்று மக்கள் பேர் வைத்துக் காத்துவந்த ரகங்களைப் பதிவு செய்தது. அதே கையோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து, சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் ஓடவிட்டது. விதை ரகத்தைக் காப்பாற்றப் போனவர்கள் மில்லில் போய் நின்றார்கள் என்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அந்த மில்லை எந்த ஊரில் வைப்பது என்ற முடிவு சுத்தமான இடத்திட்டமிடல். தலைச்சுமையாக ஒரு மூட்டைச் சாமையை ஏற்றத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும், மின்சாரம் எந்தக் கம்பம்வரை நம்பகமாக வருகிறது, மழைக்காலத்தில் எந்த ஓடை வழியை மறிக்கும், எத்தனை ஊர் சேர்ந்தால் இயந்திரம் சும்மா நிற்காது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து நிறுத்தம் எங்கே என்று நாங்கள் போடும் கணக்கும் இதே கணக்குதான். மில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதைச் சுற்றியுள்ள சரிவில் என்ன விளைகிறது என்பது மாறுமானால், அது நிலப்பயன்பாட்டு ஆவணமில்லாத நிலப்பயன்பாட்டுத் திட்டம்.

இதற்கு வரும் நேரடியான மறுப்பு, ரேஷன் அரிசியை மறந்துவிட்டாயா என்பது. மறக்கவில்லை. 2011-இலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம், அதற்கு முன்பும் மலிவு. வெந்த சோறு தட்டுக்கு வரும் வழி இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகு உலக்கையை எடு என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனது, ஆண்கள் வேலைக்குச் சமவெளிக்கும் கேரளத்துக் காபித் தோட்டங்களுக்கும் போவது, வெள்ளைச் சோற்றுக்கு இருக்கும் மதிப்பு எல்லாம் இதில் உண்டு. மில் மட்டுமே சாமையை மீட்டுவிடும் என்று ஒரு சுருக்கம் சொன்னால் அதை நானே நிராகரிக்கச் சொல்வேன். ஆனால் இந்தக் காரணங்களில் ஒரு திட்டமிடுபவரின் கைக்கு எட்டுவது எது? ரேஷன் கொள்கை அவர் கையில் இல்லை, ஜவ்வரிசி விலையும் இல்லை. ஒரு வசதியை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் அவருடைய வித்தை. தன் வித்தைக்கு உட்பட்ட காரணத்தைப் பிரித்தெடுத்து, மற்றவற்றின் பெயரைச் சொல்லி ஒதுக்கிவைப்பது ஆய்வு நேர்மைதான். எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் சுருக்கங்களை மதிப்பீட்டாளர்கள் நம்புவதில்லை என்பது கூடுதல் லாபம்.

இதெல்லாம் வேளாண் துறையின் வேலை, அவர்கள் மாநாட்டுக்கு அனுப்பு என்பது அடுத்த மறுப்பு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டி நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன, சிறுதானியத்தின் சத்து, விதை, விலை எல்லாம் பேசப்பட்டன. இடம் என்ற கேள்வியை அங்கே பெரிதாக யாரும் கேட்பதில்லை, அது அவர்கள் கேள்வியும் இல்லை. எங்களிடம் வந்தால் பயிர் எங்கள் துறை இல்லை என்கிறோம். இரண்டு துறைக்கும் நடுவே உள்ள வாசற்படியில் மில் உட்கார்ந்திருக்கிறது. திட்டமிடல் தொழிலின் பெருமையே வாசற்படிகளில் நிற்பதுதான் என்று வகுப்பில் சொல்லிக்கொள்கிறோமே, அதை ஒரு முறையாவது மாநாட்டில் செய்துகாட்டலாம்.

படிவத்துக்கு வருவோம். ஆய்வுப் பரப்பு என்ற கட்டத்தில் கொல்லிமலை என்று எழுதினால் போச்சு. படிப்பவர் மனதில் வளைவுகளும் அறப்பளீஸ்வரர் கோயிலும் வல்வில் ஓரி விழாவும் ஓடிவிடும், மில் காணாமல் போய்விடும். குண்டூர் நாடு ஊராட்சி என்றே எழுத வேண்டும். அறியாத பெயர் படிப்பவரை நிறுத்தும், நிறுத்தினால் அடுத்த வரியைப் படிப்பார். முதல் வரியிலேயே புதிரை வைக்க வேண்டும்: கனமான, கெட்டுப்போகும் பயிர் மலையிலிருந்து இறங்குகிறது, லேசான, கெடாத பயிர் மறைகிறது, ஏன்? இரண்டாவது, இதுவரை சொல்லப்படும் காரணங்கள் ஒரே வாக்கியத்தில். மூன்றாவது, இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் ஒரே காரணம், அதை அளக்கும் முறை. முறை எளியது. ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் அருகிலுள்ள உமி நீக்கும் இயந்திரத்துக்கு நடக்கும் நேரத்தை நிமிடத்தில் குறிப்பது, வரைபடத்துக் கிலோமீட்டரை நம்பாமல். மலையில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வேறு, சுமையோடு நடப்பதும் கைவீசி நடப்பதும் வேறு. பிறகு அந்த ஊரின் மேட்டுக்காட்டில் சாமை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவோடும் நேரில் நடந்தும் பார்ப்பது. இரண்டுக்கும் உறவு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கட்டுரை. இல்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு முடிவே. சுருக்கத்தின் கடைசி வரியில் கொள்கைப் பரிந்துரைகள் வழங்கப்படும் என்ற வழக்கமான வாக்கியத்தை எழுதாமல் விடலாம். எந்தப் பரிந்துரை என்று தெரியாமலே எழுதப்படும் வாக்கியம் அது.

ஒற்றை ஊராட்சியை வைத்து என்ன பொதுமை சொல்ல முடியும் என்று மதிப்பீட்டாளர் கேட்பார். கேட்க உரிமை உண்டு. அமெரிக்கத் திட்டமிடுவோர் சங்கத்தின் தேசிய மாநாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கறாராகவே இருக்கும். அங்கே சான்றிதழ் பெற்ற திட்டமிடுநர் இரண்டாண்டுக்கு 32 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாக வேண்டும், அதனால் ஓர் அமர்வை முன்மொழிபவர் கேட்க வருபவர் என்ன கற்றுப்போவார் என்று முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் மாநாடுகளிலும் அதன் சாயல் வந்துவிட்டது. பதில் இதுதான்: குண்டூர் நாட்டில் கிடைக்கும் விடை குண்டூர் நாட்டுக்கு. கேள்வி மட்டும் எங்கும் போகும். கல்வராயன் மலை, பச்சைமலை, சேர்வராயன், ஜவ்வாது, சித்தேரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுக இதே மலையாளி மக்கள், இதே போன்ற சரிவுகள், ஒவ்வொன்றிலும் வேறு பணப்பயிர். எந்த வேலையை வீட்டிலிருந்து எடுத்து ஊருக்குள் ஓர் இயந்திரத்திடம் கொடுத்தால் நிலம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொரு மலையிலும் கேட்கலாம், ஒவ்வொரு மலையிலும் வேறு பதில் வரலாம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் 7933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றது. அந்த எண்ணைக் காட்டி, நகரத்துக்கே திட்டமில்லாதபோது மலைக்கிராமம் எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. இவ்வளவு ஊர்களுக்கு முழுமைத் திட்டம் போட ஆளும் பணமும் இல்லாத நாட்டில், ஒரு வசதியின் இடத்தை மட்டும் ஆராய்ந்து ஒரு நிலப்பரப்பைத் திருப்ப முடியுமா என்று பார்ப்பது சிக்கனமான வழி.

சுற்றுலாவை ஏன் இவ்வளவு ஒதுக்குகிறாய் என்று கேட்பவர்களில் மலைக்காரர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. வாரக்கடைசியில் ஏறிவரும் வண்டிகளால் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் பலாவும் மிளகும் விலைபோகின்றன, தங்கும் விடுதிகளில் வேலை கிடைக்கிறது. ஆனால் சுற்றுலாக் கட்டுரையின் கேள்வி எப்போதும் கீழேயிருந்து மேலே வருபவருடையது: அவர் எங்கே வண்டி நிறுத்துவார், எங்கே குளிப்பார், எங்கே குப்பை போடுவார். அந்தக் கட்டுரையில் மலைவாசி ஒரு சேவை வழங்குநர். ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்ட அந்த வகையில் இன்னொன்றைச் சேர்த்தால் தேர்வாகும் வாய்ப்பு கூடலாம், ஒத்துக்கொள்கிறேன். தேர்வாவது மட்டுமே நோக்கம் என்றால் தலைப்பில் ஸ்மார்ட் என்ற சொல்லைச் சேர்த்தாலும் ஆயிற்று.

கடைசியாக, யார் பெயரில் போவது என்ற விவகாரம். பதிவுக் கட்டணம், பயணச்செலவு, ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து மலைக்காரர் யாரும் மேடையேறாதபடி பார்த்துக்கொள்கின்றன. மில்லை ஓட்டும் குழுவின் பெண்களுக்குத்தான் எந்த ஊர்க்காரர் எவ்வளவு சாமை கொண்டுவந்தார் என்ற கணக்கு தெரியும். அவர்கள் நோட்டுப் புத்தகம்தான் இந்த ஆய்வின் ஆதாரத் தரவு, ஆகவே இணை ஆசிரியர் என்ற இடம் அவர்களுக்குப் போவது உபகாரம் ஆகாது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால் 1996-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. தங்களைப் பற்றி வெளியே என்ன எழுதப்படுகிறது என்று கேட்கும் தனி அதிகாரமும் இங்குள்ள கிராம சபைக்குக் கிடையாது. சட்டம் கட்டாயப்படுத்தாததை எழுதுபவரே செய்ய வேண்டியிருக்கிறது: சுருக்கத்தைத் தமிழில் எழுதி, மாநாட்டுக்கு அனுப்புமுன் சபையில் வாசிப்பது. ஆய்வு முறையைக் கிராம சபை எப்படி மதிப்பிடும் என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. புள்ளியியலை மதிப்பிடச் சொல்லவில்லை. இந்த ஊரிலிருந்து மில்லுக்கு இருபது நிமிடம் என்று எழுதியிருப்பதைக் கேட்டதும், ஐப்பசியில் அந்த ஓடையைத் தாண்ட முடியாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், முகம் தெரியாத மதிப்பீட்டாளர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஊராட்சி ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம வளர்ச்சித் திட்டத்திலும் அந்தத் திருத்தம் அப்படியே ஏறலாம், மாநாடு ஏற்றாலும் ஏற்காவிட்டாலும். காலம் போதாது என்பது கடைசிச் சாக்கு. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1-க்கு ஒரு வாரம் தள்ளி, 8-ஆம் தேதி உலக நகரமைப்பு நாள். எந்த மாநாட்டின் கடைசித் தேதியானாலும் அதற்கு முன் இந்த ஆறில் ஒன்று வந்தே தீரும்.